ராஜபார்ட்டின் மூக்கு

லினோலியம் கிடைக்காது எங்கள் பக்கம்.
கடல் ஒதுக்கிய ரப்பர் செருப்பு கிடைக்கும்,
எப்போதும் ஒற்றைக்கால்.
அதன் அடியில்தான் செதுக்கினேன்
ராஜபார்ட் பெருநாழி இருளாண்டியின் மூக்கை.

ஊர்ப் பெயர் ஒப்பிலான்.
அங்கே உட்கார்ந்துகொண்டு
ஒப்புருவம் வெட்டி விற்றவன் நான்.
படம் ஒன்று பத்துக் காசு,
மூன்றாக வாங்கினால் கால் ரூபாய்.

ஸ்திரீபார்ட் கனகாம்புஜத்துக்குத் தாடை,
பாதி திறந்த மேஜை இழுப்பறை.
ஆர்மோனியக்காரருக்கு முகமே இல்லை,
பத்து விரலும் ஒரு வெற்றிலைக் குதப்பலும்.
பபூன் வேலாயி மகன் மட்டும் வெட்ட வரவில்லை,
தன்னைத் தானே கேலியாக வரைந்துகொண்டு
மேடைக்கு வருகிற ஆள்.
கடைசியில் அழுகிற மாதிரி வெட்டினேன்.
ஒன்றும் சொல்லாமல்
இரண்டு பிரதி வாங்கிப் போனான்.

ராஜபார்ட்டுக்கு மூக்கு.
வல்லத்தின் அணியம் போல அது முன்னால் போகும்,
மீதி முகம் அதைப் பிடித்துக்கொண்டு பின்னால் வரும்.

அந்த வருஷம் அம்மன் கோயில் பொங்கலுக்கு
முந்நூறு ரூபாய் அட்வான்ஸ் வாங்கியவர்
வரவில்லை.
விடிய விடிய மேடையில்
பபூனும் பெட்ரோமாக்ஸும்.
கமிட்டி நோட்டீஸை விரித்துப் பார்த்தது:
கிரீடம், ரோஸ் பவுடர், ஒட்டுமீசை.
இந்தக் கோலத்திலா ஒருவன் பஸ் ஏறுவான்?
பொருளாளர் ராக்கப்பன்
என் சாக்கைக் கவிழ்த்துக் கொட்டினார்.
நாலு பேர், நாலு சைக்கிள், நாலு மூக்கு.

சிக்கலில் சிக்கினார்.
ஊர் பேரே அதுதான், நான் வைத்ததில்லை.
வடைக்கடை பெஞ்சில், வழித்த முகத்தோடு,
பக்கவாட்டில் உட்கார்ந்திருந்தாராம்.
"நேராப் பாத்திருந்தா தப்பிச்சிருப்பான்"
என்று ஊரே சிரித்தது.
நானும்தான் சிரித்தேன்.
ராத்திரி சோறு இறங்கவில்லை.

பணம் மகளின் ஆஸ்பத்திரிக்குப் போனது என்றார்கள்.
சீட்டாட்டத்துக்கு என்றும் சொன்னார்கள்.
செருப்பின் அகலம் நாலு விரல்,
அதில் இதற்கெல்லாம் இடமில்லை.

கடனுக்கு மூன்று ராத்திரி ஆடினார்.
மூன்றாம் ராத்திரி
பட்டம் துறந்து காடு போகிற கட்டம்.
முன்னால் மணலில் கிடந்த பையன்கள்
படத்தைத் தூக்கிப் பிடித்து
மூக்கு மூக்கு என்று கத்தினார்கள்.
பாட்டை நிறுத்தினார்.
மெதுவாகத் திரும்பி
பக்கவாட்டில் நின்றார்,
நான் அச்சில் நிறுத்தியபடியே.
சிரிப்பு ஓயும்வரை நின்றார்.
ஓய்ந்த பிறகும் நின்றார்.
ஆர்மோனியம் தயங்கி ஒரு சுரம் வைத்தது.
அதன்பின் அவர் எடுத்த உச்சத்துக்கு
ரோட்டில் போன உப்பு லாரி
என்ஜினை அணைத்துக்கொண்டது.

விடிந்ததும் என்னைத் தேடி வந்தார்.
அடிப்பார் என்று எழுந்து நின்றேன்.
செருப்பைக் கையில் வாங்கி
மை படிந்த அடியைத் தடவிப் பார்த்து,
"எடதுகாலா?" என்றார்.
"ஆமாண்ணே."
பத்துக் காசை வைத்தார்.
படம் எடுக்காமல் போனார்.

மை ஏறி ஏறி ரப்பர் தேய்ந்தது.
முதலில் தேய்ந்தது மூக்கு.
கடைசி ஐம்பது பிரதிகளில்
ராஜபார்ட் நல்ல லட்சணம்,
யாரென்றுதான் தெரியவில்லை.
ஒன்றுகூட விலைபோகாமல்
கருவாடு மடிக்கப் போயின.