ஏழு தட்டு

கைதடிப் பாலத்தில ஏறேக்க
பின்பக்கம் ஒருக்கா எழும்பி
இறங்கி
திரும்பவும் எழும்பிச்சுது கப்.
கண்ணாடியில பாத்தன்.
மூண்டு தட்டுக் கேக்கின்ர உச்சியில
சீனி மயில் கழுத்து முறிஞ்சு
தன்ர காலைப் பாத்துக்கொண்டு நிக்குது.

சாவகச்சேரி மண்டபத்தில
மணவறைக்குப் பின்னால குந்தியிருந்து
ஐசிங் பையால ஒட்டினன்.
பொம்பிளையின்ர தாய் கேட்டா,
"மயில் ஏன் அங்கால திரும்பி நிக்குது?"
மாப்பிள்ளை வாற பக்கம் எண்டன்.

அது முதல் மாசம்.
பிறகு ஒரு ரோசாக்கொத்து.
ஒரு சாமத்திய வீட்டுத் தாமரை.
ஒரு பிறந்தநாள் ஆறு
தலைகீழாய்ப் புரண்டு ஒன்பதாச்சு;
பிள்ளைக்கு மட்டும் சந்தோசம்.

ஆளாளுக்கு வருத்தம் சொல்லிச்சினம்.
"ஷொக் அப்சோபர் செத்துப்போச்சு" எண்டார் மச்சான் சாந்தரூபன்.
வீல் பலன்ஸ் எண்டது உரும்பிராய் ரயர்க் கடை.
"மெல்லமா ஓடு பிள்ளை" எண்டது
சைக்கிளும் இல்லாத பக்கத்து வீடு.
நாப்பத்தெட்டாயிரம் குடுத்து
ரெண்டு புது ஷொக் போட்டன்.
மயிலுக்கு ஒரு சுகமும் இல்லை.

ஒரு ஞாயிறு, ஒவன் சூடாகிற நேரம்,
பின் மூலையில ரெண்டு கையையும் வச்சு
என்ர அறுபத்திரண்டு கிலோவையும் போட்டு அமத்தினன்.
ஷொக் செத்ததெண்டால்
விட்ட உடன மூண்டு நாலு தரம் ஆடுமாம்.
இது ஆடேல்லை.
ஆடுறதுக்கு முதல் அமரவேணுமே,
அமரவும் இல்லை.
மதிலைத் தள்ளினமாதிரி இருந்துது.

மாச் சாக்கை விரிச்சுக் கீழ பூந்தன்.
ரோச் வெளிச்சத்தில
அச்சுக்கு மேல அடுக்கியிருந்த
வில்லுத் தட்டுகளை எண்ணினன்.
ஏழு.
பிறகு ஒழுங்கை முடக்கில நிக்கிற
இதே மொடல் கப்புக்குக் கீழயும்
கேட்டுப்போட்டுத்தான் பூந்தன்.
அஞ்சு.

எனக்கு வித்தவர் சொன்னது
கோயிலுக்குக் கதிரை ஏத்தின வாகனம்,
பாரமெண்டால் என்னெண்டே அறியாது எண்டு.

நீர்வேலியில மரியநேசன்ர கராஜ்.
ஜாக்கில தூக்கி, கட்டை வச்சு,
கறள் பிடிச்ச யூ போல்ட்டுக்கு எண்ணெய் விட்டு
ஒரு பிளேன்ரீ முடியுமட்டும் பேசாமல் இருந்தார்.
நடு போல்ட் கழண்டதும்
தட்டுகள் ஒண்டையொண்டு விட்டு விலகிச்சுது.
இடையால
சரசரவெண்டு மணல்.
வெள்ளை மணல், மாவரியில அரிச்சமாதிரி,
ரெண்டு கை நிறைய.
அவர் என்னைப் பாத்தார்.
நான் மணலைப் பாத்தன்.
"நல்ல கதிரையள்" எண்டார்.

இரவிரவாய் அரைக் கியூப் மணல்
லைற் போடாமல் சுமந்த முதுகுக்கு
என்ர பதினாலு கிலோ கேக்
ஏறினதே தெரிஞ்சிருக்காது.
வெறும் வண்டியெண்டு நினைச்சுத்தான்
ஒவ்வொரு பள்ளத்துக்கும் துள்ளியிருக்குது.

லொறித் தட்டுகள் கழண்டுது,
அந்தப் பக்கம் ரெண்டு, இந்தப் பக்கம் ரெண்டு.
கட்டையான நடு போல்ட், புது யூ போல்ட்,
பிஞ்ச ரப்பர் புஷ்ஷுக்கு வேற.
ரயரில அறுபதாய் இருந்த காத்தை
முப்பத்திரண்டுக்கு இறக்கினார்.
பின்பக்கம் ரெண்டு விரல்கடை பதிஞ்சு நிண்டுது,
செருப்பைக் கழட்டின ஆள்மாதிரி.

"இனி இதில மணல் ஏத்தப்படாது,
கல்லும் ஏத்தப்படாது."
"கோதுமை மா?"
"எத்தினை மூட்டை?"
"ரெண்டு."
சிரிச்சுப்போட்டு, பதினோராயிரம் எண்டார்.
புது ஷொக்கை வாங்கின கடை
திருப்பி எடுக்காதாம்.
கேட்டுப் பாத்தன்.

கழட்டின நாலு தட்டும்
இப்ப ஒவனுக்குக் கீழ கிடக்குது,
சரிஞ்ச கால் மட்டமாகட்டும் எண்டு.

வெள்ளிக்கிழமை, மட்டுவிலுக்கு ஒரு கலியாணம்.
பாலத்துக்கு முன்னால
கால் தன்ர பாட்டில பிரேக்குக்குப் போச்சுது.
தேவையில்லை எண்டு தெரியும்.
ஊர்ந்து ஊர்ந்துதான் ஏறினன்.
பின்னால மினிபஸ்காரன்
கோனில இருந்து கையை எடுக்கேல்லை.
கண்ணாடியில மயில்
கழுத்தை நிமித்தி
என்னையே பாத்துக்கொண்டு வந்துது.