கடைசி வரியில் ஒரு சொல்

கோத்தென்பர்க் டிராம் பணிமனையின் பின்கட்டில்
தொலைந்த பொருள்களுக்கென்று ஓர் அறை.
ஒன்பது வருடம் லெத்தெப்ரகான் அங்கே சீட்டு எழுதினாள்.

கையுறை, இடது, கம்பளி, கறுப்பு.
பல்செட், மேல்வரிசை, ஐந்தாம் எண் வண்டி.
வயலின் பெட்டி. உள்ளே உருளைக்கிழங்கு.

ஸ்வீடிஷ் அவளுக்கு வந்தது இப்படித்தான்,
வினைச்சொல் இல்லாமல்.

நாவலும் அப்படியே தொடங்குகிறது:
மூடி. நீலம். பிளாஸ்டிக்.
துணிச்சலான நடை என்று எழுதினார்கள் பத்திரிகையில்.
"வினை போடத் தெரியாத காலம் அது" என்கிறாள்
வெங்காயத்தைக் கிளறிக்கொண்டே.

கதையில் தம்பி கடலில் போய்விடுகிறான்,
நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில்.
நிஜத் தம்பி ஒக்பாஸ்கி பதினாறாம் எண் பஸ் ஓட்டுகிறான்,
ஞாயிறுதோறும் வந்து ஒரு பானைக் குழம்பைக் காலிசெய்கிறான்.
மடியில் அகராதியோடு
ஏழு மாதம் அந்தப் புத்தகத்தைப் படித்தவன்.
"எனக்கு எப்போது தாடி இருந்தது?"
அவன் கேட்டது அவ்வளவுதான்.

பூரோஸ் நூலகத்தில் கூட்டம் முடிந்தபின்
ஓய்வுபெற்ற பல்மருத்துவர் ஒருவர்
இவன் இரண்டு கைகளையும் பற்றிக்கொண்டு அழுதாராம்
செத்துப்போன அந்தத் தம்பிக்காக.
நான்தான் அவன் என்று இவன் சொல்லவில்லை.
"நல்ல பையன்" என்றானாம்.
வீட்டுக்கு வரும் ரயிலில் வாயே திறக்கவில்லை.

தாடி வேறொருவனுடையது.
படகில் பக்கத்தில் இருந்தவன்.
மூடியைக் கொஞ்சம் பிடியேன் என்று
இவள் கையில் கொடுத்துவிட்டுத் தண்ணீர் குடித்தவன்.
பெயரை இவள் எழுதவில்லை.
எழுதினால் அவன் வீட்டார் படித்துவிடுவார்கள்,
இன்னும் தொலைபேசிக்குக் காத்திருப்பவர்கள்.

எனக்குச் சிக்கல் கடைசி வரியில்.
அங்கே ஒரே ஒரு சொல்தான், இரண்டே எழுத்து.
தமிழில் நான் அதை இரண்டாகப் பிளந்தாக வேண்டும்.

யாரிடம் சொல்வது இந்த வரி, என்று கேட்டேன்.
"அவனிடம்."

விளக்கினேன்:
நாம் வந்து சேர்ந்தோம் என்றால்
அவனும் நம்மோடு கரையில் நிற்கிறான்.
நாங்கள் வந்து சேர்ந்தோம் என்றால்
கேட்டுக்கொண்டே கடலில் கிடக்கிறான்.

அடுப்பை அணைத்தாள்.
"எல்லைக் காவலர் மாதிரி இருக்கிறது உங்கள் மொழி."

எழுவாயே இல்லாமல் விடலாம், என்றேன்.
வெறுமனே, வந்து சேர்ந்தோம்.
தமிழ் கண்டுகொள்ளாது.

"ஒளித்துவைக்கவா இவ்வளவு எழுதினேன்?"
என்றாள். பிறகு, "தெரியவில்லை" என்றாள்.
பிறகு அந்த இரண்டு சொற்களையும்
திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்தாள்,
ங் வராமல், மறுபடி, வந்து.

வாய் நிறையச் சோற்றோடு ஒக்பாஸ்கி நிமிர்ந்தான்:
"இதில் நான் எதில் வருகிறேன்?"

அவன் வண்டி ஐந்தரைக்கு.
இன்னும் ஒரு கரண்டி போட்டாள்.