மூன்று குறைய நாற்பத்திரண்டு

ஆலும் இல்லை, வேலும் இல்லை வார்தோ தீவில்.
மரமென்று சொல்லிக்கொள்ளவே ஒன்றிரண்டுதான்.
பனி தள்ளும் வண்டியை நிறுத்திவிட்டு வந்த யோர்டிஸ்
கையுறை கழற்றி, விரல் சூடேறக் காத்திருக்கிறாள்.
சில்லிட்ட விரலுக்கு ஸ்குர்க் வாய் திறக்காது.

விரலில் சுற்றிய துணி. கோழி மணக்கும் பசை.
நம் பற்பசை ஆகாது,
விழுங்கத் தெரியும் அதற்கு, துப்பத் தெரியாது.
முதலில் கொஞ்சம் நக்கட்டும்.
பிறகு உதட்டைத் தூக்கி,
ஈறும் பல்லும் சேரும் ஓரத்தில்
சின்னச் சின்ன வட்டம்.
மேல்வரிசையில், கன்னத்துக்கு உள்ளே
அந்தப் பெரிய பல். அங்கேதான்
மஞ்சள் காரை ஏறும்.
இடப்பக்கம் அங்கேதான், போன மார்ச்சில்,
மூன்றைப் பிடுங்கினார்கள்.

அதுவரை அவளுக்கு அது வெறும் நாய் வாடை.
வலிக்கிறதென்று அது ஒருநாளும் சொல்லவில்லை;
காய்ந்த மீன் தலையை
வலப்பக்கமாகவே கடித்துக்கொண்டிருந்தது, அவ்வளவுதான்.

காட் மீனின் மண்டையை நொறுக்கும் தாடை
இப்போது அவள் சுட்டுவிரலைச் சுற்றி
மூடாமல், அசையாமல் நிற்கிறது.
ஒரு கண் மட்டும் கதவுப் பக்கம்.

முடிந்ததும் ஒரு தும்மல்.
துணியை விளக்கடியில் பிடித்துப் பார்க்கிறாள்:
ரத்தம் இல்லை.

கையலம்பப் போன இடத்தில், கண்ணாடி முன்,
தன் உதட்டைத் தானே தூக்குகிறாள் யோர்டிஸ்.
பதினோரு வருடம்.
காப்பியைக்கூட இடப்பக்கமாகத்தான் குடிக்கிறாள்,
யாரிடமும் சொன்னதில்லை.

நிலைப்படியில் உட்கார்ந்து
உதட்டோரப் பசையை நக்கியபடி
ஸ்குர்க் பார்த்துக்கொண்டிருக்கிறது.