பேனாக் கோடு

கொசுக்கடி என்றுதான் முதலில் நினைத்தேன்.
நரீன் ஆறு கல்லாய் உறைந்து கிடக்கும் மாதத்தில்
என்ன கொசு?

நான்கே நாளில் ஐந்து சோம் நாணயத்தின் அளவு.
ஓரம் சிவந்து, சற்றே மேடிட்டு,
மாவு போல் செதில் உதிர்த்துக்கொண்டு.
நடுவில் மட்டும்
எதுவுமே நடக்காதது போல் தெளிந்த தோல்.
பெர்மெத் சொறிந்துகொண்டே கேட்டாள்:
"அப்பா, யார் என் கையில்
தேநீர்க் கிண்ணத்தை வைத்து எடுத்தது?"

அவள் அம்மா மாஸ்கோவில் ஒரு கிடங்கில்
அட்டைப்பெட்டிகளுக்கு நாடா ஒட்டுகிறாள்.
போனைக் கையருகே பிடித்தேன்.
கிட்டே காட்டு, இன்னும் கிட்டே என்றாள்.
அதற்கு மேல் கிட்டே போக
அவளாலும் முடியவில்லை, என்னாலும்.

பக்கத்து வீட்டு ஜூமாகுல் நல்ல மனிதர்.
தன் அரிப்புக்கு வாங்கிய களிம்பில்
பாதியை எனக்குத் தந்தார்.
மூன்றாம் நாள் சிவப்பு அடங்கியது;
நான் கெட்டிக்காரனாகிவிட்டேன்.
பத்தாம் நாள்
வட்டம் தன் வடிவத்தை மறந்து
ஓரம் கலைந்து, முழங்கை தாண்டி,
கழுத்தில் ஒன்று, காதுக்குக் கீழே ஒன்று.
களிம்பு நெருப்பை அணைக்கவில்லை.
புகையை மட்டும் தின்றிருக்கிறது.

சுகாதார நிலையத்தில் அனார்குல்
குழாயைத் திருப்பிப் படித்தாள்.
"ஸ்டீராய்டு. பூஞ்சைக்கு விருந்து வைத்திருக்கிறாய்."
திட்டியது அவ்வளவுதான்.
பிறகு பென்சிலின் முனையால் பெர்மெத்தின் கூந்தலை
வகிடு வகிடாகப் பிரித்தாள்.
"தலையில் முடி முறிந்து திட்டு இருந்தால்
களிம்பால் ஆகாது. பெரிய ஆஸ்பத்திரி,
வாரக்கணக்கில் மாத்திரை."
அவள் தேடிய நேரம் முழுக்க
நான் ஜன்னலில் ஈக்களை எண்ணினேன்.
செத்த ஈக்கள். பதினொன்று.
தலையில் இல்லை.
"படர்தாமரை. புழுவும் இல்லை, அழுக்கும் இல்லை,
யார் கண்ணும் படவில்லை.
வீட்டில் கன்று இருக்கிறதா?"

இருக்கிறது.
"கன்னுக்குட்டி கண்ணாடி போட்டிருக்கு" என்று
பெர்மெத் ஒரு மாதம் முன்பே சொன்னாள்.
நான் சிரித்தேன்.
அதன் கண்களைச் சுற்றி
சாம்பல் நிறத்தில் பொருக்குத் தட்டியிருந்தது.
பள்ளிக்குப் போகுமுன் தினமும் அவள்
கழுத்தைக் கட்டிக்கொள்ளும் கன்று.

இப்போது காலையும் இரவும்
கழுவித் துடைக்கிறேன். அவள் துண்டு தனி, சீப்பு தனி.
ஈரம் காயும்வரை காத்திருப்பதுதான் கஷ்டம்;
அவளுக்கு ஏழு வயது.
புதுக் களிம்பை வட்டத்தின் மேல் மட்டும் அல்ல,
ஓரம் தாண்டி இரண்டு விரல் அகலத்துக்கு,
அது நாளை போக நினைக்கும் இடம்வரை.
பிறகு என் கையை நானும்.
தலையணை உறைகள் பெரிய கொப்பரையில் கொதிக்கின்றன.

முதல் நாள் நீலப் பேனாவால்
அந்த வட்டத்தைச் சுற்றிக் கோடு போட்டுத் தேதி எழுதினேன்.
தாண்டினால் உடனே வா என்றிருந்தாள் அனார்குல்.
தாண்டவில்லை.
அழிய அழிய மேலேயே வரைந்தேன்.
இரண்டாம் வாரம் உள்ளே
வெளுத்த ஒரு நிழல்.
மூன்றாம் வாரம் அதுவும் இல்லை.

"போயிடுச்சே, இன்னும் என்ன தடவுறே?"
மாஸ்கோவிலிருந்து.
மறைந்த பிறகும் இரண்டு வாரம் என்று சொல்லியிருக்கிறாள் என்றேன்.
தோலுக்குள் அது எங்கே படுத்திருக்கிறதென்று
யார் கண்டது?
அவள் சிறிது நேரம் பேசவில்லை.
பின்னால் நாடா கிழியும் சத்தம்.

அப்படியாக, ஒன்றுமே இல்லாத இடத்தில்
தினம் இரண்டு முறை மருந்து தடவுகிறேன்.
எங்கே என்று காட்ட
பேனாக் கோடு மட்டும்தான் மிச்சம்.

கொட்டிலில், கயிற்றுக்கு அப்பால்,
கன்றுக்குக் கண்ணோரம் மயிர் முளைக்கிறது.
பெர்மெத் என் ரப்பர் கையுறையை
முழங்கைவரை மாட்டிக்கொண்டு தூரத்திலிருந்து கையாட்டுகிறாள்.
அது கையுறையைத்தான் பார்க்கிறது,
தின்னலாமா என்று.