கீழ்வரிசையில் ஓர் இடம்

நாற்காலி பின்னால் சாய்கிறது.
கால்கரியில் இன்று மைனஸ் இருபத்தேழு.
என் பூட்ஸிலிருந்து பனி உருகி
டாக்டர் ஒலெனா ஹ்ரின்கோவின் பளிங்குத் தரையில் சொட்டுகிறது.
மன்னிப்புக் கேட்கிறேன்.
வாய்க்குள் கண்ணாடி இருப்பதால்
அது வேறு ஏதோ சத்தமாக வருகிறது.

"கீழே இடப்பக்கம் ஒன்று இல்லையே,
எப்போது எடுத்தது?"
ஒன்பது வயதில்.
"சொத்தையா?"

மோங் லெங் என்று ஒரு ராஜ்ஜியம் இருந்தது, டாக்டர்.
ஷான் மலைகளுக்குள்.
குதிரையில் ஒரு மதியத்துக்குள் சுற்றி வந்துவிடலாம்,
குதிரை முரண்டு பிடித்தால் இரண்டு மதியம்.
அப்பா அதன் சாவ்ஃபா.
வானத்துக்கு உடையவர் என்று பொருள்.
மழைக்காலத்தில் எங்கள் சாப்பாட்டு அறை ஒழுகும்.

அன்று வியாழக்கிழமை. கணக்கு டியூஷன்.
வகுத்தல் எனக்கு வராது.
கன்னத்தைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.
அம்மா கிராம்பு வைத்துப் பார்த்தாள், பிறகு
காரைக் கொண்டுவரச் சொன்னாள்.

மிஷன் ஆஸ்பத்திரியில் சா தா ப்ளே
ஒவ்வொரு பல்லாகத் தட்டினார். எது?
கைக்கு வந்த ஒன்றைக் காட்டினேன்.
வெகுநேரம் அதையே பார்த்தார்.
வாசலில் நின்ற டிரைவரைப் பார்த்தார்.
சாவ்ஃபாவின் மகள் வலிக்கிறது என்றால் வலிக்கிறதுதான்.
பழுதே இல்லாமல், வேரோடு வந்தது.
சிகரெட் டப்பாவில் பஞ்சு வைத்துக் கொடுத்தார்.
அவர் கைதான் நடுங்கியது.

ஜன்னலுக்கு வெளியே லாரிகள் போயின.
நான்கு.
எண்ணத் தெரியும் எனக்கு, வகுக்கத்தான் தெரியாது.

அப்பா, அம்மா, இரண்டு அத்தைகள்,
தட்டு எடுத்துவந்த பெண்.
தம்பி குன் லாய்.
ஐந்து வயது.
என் நாற்காலியில் உட்கார்ந்திருந்தானாம்,
அங்கிருந்து குளம் தெரியும் என்பதால்.
தப்பி வந்த சமையல்காரர் சொன்னார்.
அதை மட்டும் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

உடல்களைத் தரவில்லை.
ஓதுவதற்கு ஏதாவது ஒன்று முன்னால் வேண்டுமே என்றார் மடாதிபதி.
டிரைவர் தயங்கித் தயங்கி
சிகரெட் டப்பாவை எடுத்து வைத்தார்.
ஏழு நாள்.
மொட்டைத் தலையோடு, சிறுவனின் துவராடையில்,
கடைசி வரிசையில் நான்.
வானொலியில் வாசித்த பட்டியலில்
என் பெயரும் இருந்தது.

பல்லுப் போனால் சொல்லுப் போச்சாம்.
எனக்குப் போனது ஒரே ஒரு சொல்.
பிரசவத்தில் அதைச் சொல்லவில்லை.
வழுக்கி விழுந்து இடுப்பு முறிந்தபோது
ஒன்றிலிருந்து பத்துக்குள் ஓர் எண் கேட்டான் ஆம்புலன்ஸ் பையன்.
மூன்று என்றேன்.

இந்த ஊரில் இருபத்திரண்டு வருடம் பேருந்து ஓட்டினேன்.
கண்ணாடியில் பார்த்தால் அத்தனை பேரும்
தலை குனிந்தே இருப்பார்கள்,
கைப்பேசிக்கு.
சிரித்துக்கொள்வேன்.
சாவ் நாங் ஹோம் கம் என்பது அவர்களுக்கு நீளம்.
சட்டையில் 'ஹோம்' என்று மட்டும் தைத்துத் தந்தார்கள்.

இவற்றில் எதையும் நான் சொல்லவில்லை.
"வலித்தது, எடுத்தார்கள்" என்கிறேன்.
இந்தப் பொய்க்கு இப்போது எழுபது வயதாகப் போகிறது,
என்னைவிட ஒன்பது வயது சின்னது.

"செயற்கைப் பல் வைத்துவிடலாம். நாலாயிரத்து இருநூறு டாலர்.
பாதி இன்ஷூரன்ஸ் தரும்."
வேண்டாம் என்று தலையாட்டுகிறேன்.
ராஜ்ஜியத்தில் எனக்கு மிஞ்சிய நிலம் அவ்வளவுதான்,
அதில் எவரையும் குடியேற்றுவதாக இல்லை.

சரி, பக்கத்துப் பல்லையாவது அடைப்போம் என்கிறாள்.
விளக்கை இறக்குகிறாள்.
"வலித்தால் இடது கையைத் தூக்குங்கள்."

துளைப்பான் ஓடத் தொடங்குகிறது.
இடது கை மடியிலேயே கிடக்கிறது.
நாக்கு மட்டும், எத்தனை முறை அவள் ஒதுக்கினாலும்,
நழுவிப் போய்
அந்த இடத்தில் உட்கார்ந்துகொள்கிறது,
குளம் தெரிகிற பக்கமாக.