பிடித்துப் பார்த்தல்

கடைசிப் பையையும் வெட்டித் தட்டினேன்.
கறுப்பு. பஞ்சு மாதிரி.
பையில் எழுதியிருந்த நாட்டின் பெயர்
எனக்கு வாசிக்க வராது.
பீற் மொஸ்.
பாசி செத்துச் செத்து
ஆயிரமாயிரம் வருடம் சேற்றுக்குள் கிடந்ததாம்.
அதை வெட்டி, கட்டி, கப்பலேற்றி,
விசுவமடுவில் என் மிளகாய் விதைக்கு
இருபத்தைந்து நாள் படுக்கை.

விலை மூன்று மடங்கான அன்று
அந்தப் பாசிக்காக நான் கவலைப்படவில்லை.
உண்மையைச் சொன்னால்
காசுக்காகத்தான் தொடங்கினேன்.

தும்புத்தூள் புதுக்குடியிருப்பு மில்லில் சும்மா கிடைத்தது.
"அள்ளிக்கொண்டு போங்கோ, முற்றம் வெளிக்கட்டும்"
என்றாள் அருள்மதி.
சும்மா கிடைத்ததில் உப்பு இருந்தது,
கடற்கரைக் கிடங்கில் ஊறின மட்டை.
முதல்தரம் கழுவாமல் போட்டேன்.
எண்ணூறு கத்தரி
ஓரம் கருகி, ஒரே கிழமையில்
தட்டோடு படுத்தன.
இராசகுலம் அண்ணை முற்பணத்தைத் திருப்பிக் கேட்கவில்லை.
கேட்டிருக்கலாம்.
கேட்காதது ஒரு மாதம்
என் முதுகில் ஏறி இருந்தது.

இப்போது மூன்றுதரம் ஊறவிட்டு
மூன்றுதரம் பிழிகிறேன்.
கடைசித் தண்ணியை
நாக்கு நுனியில் வைத்துப் பார்க்கிறேன்.
"கறிக்கு உப்புக் காணாது,
தூளுக்குக் கூடிப்போச்சோ?"
தவயோகனுக்குப் பகிடி.
கழுவின தண்ணி தென்னைக்கு.
தென்னைக்கு உப்போடு கோபமில்லை.

உமியை எரிக்கக் கூடாது, கருக்க வேண்டும்.
ஓட்டை போட்ட தகரத்தை நடுவில் நட்டு
உள்ளே நெருப்பு, வெளியே உமிக் குவியல்.
புகையைக் கண்டு பக்கத்து வளவு
உடுப்புகளைக் கொடியால் எடுக்கும்.
கறுப்பு மெல்ல மெல்ல மேலேறி
சாம்பலாக ஒரு நிமிடம் இருக்கையில்
தண்ணி ஊற்ற வேண்டும்.
அந்த நிமிடம் பார்த்துத்தான்
எப்போதும் போன் அடிக்கும்.

எரு, சூடு ஆறின எரு.
முழங்கை மட்டும் உள்ளே விட்டால்
குளிர வேண்டும்.
எரு அள்ளும்போது நிலமும் கொஞ்சம் கூட வரும்.
அரிதட்டில் தங்குவது:
வேப்பங்கொட்டை, கல், மயில் கிளறிவிட்டுப் போன இறகு,
சிலவேளை ஒரு பித்தளைத் துண்டு.
பித்தளையைப் பால்மா ரின்னில் போடுகிறேன்.
பழைய இரும்புக்காரன் மாதா மாதம் வருகிறான்.
ரின் இன்னும் அலுமாரிக்கு மேலேதான்.

மணலும் ஒரு பங்கு சேர் என்றார்கள் பயிற்சி வகுப்பில்.
சேர்த்திருப்பேன்.
ஆனால் நான்
இரவு பதினொரு மணிக்குமேல்
லைற் போடாமல் போகும் ரிப்பர்களை
எண்ணிக்கொண்டு படுக்கிறவள்.
திங்கள் ஐந்து. நேற்று ஒன்பது.
ஆற்றங்கரையில் போய்ப் பார்த்தேன்:
மருதமரத்தின் வேர்
பிடிக்க ஒன்றுமில்லாமல் தொங்குகிறது.
அப்போதுதான் நினைவு வந்தது
வாசிக்க வராத அந்தப் பெயர்.
அங்கேயும் ஒருத்தி
நித்திரையில்லாமல் லொறி எண்ணியிருப்பாளோ.
அவள் என்ன பாசையில் எண்ணியிருப்பாள்,
எத்தனையோடு விட்டிருப்பாள்.
மணலின் பங்கை உமிக்கரிக்குக் கொடுத்துவிட்டேன்.

எல்லாம் கலந்த பிறகு ஒரு பிடி.
இறுக்கினால்
விரலிடுக்கில் ஒரு சொட்டு வரலாம்,
ஒழுகக் கூடாது.
விரித்தால் உருண்டையாய் இருக்க வேண்டும்.
பெருவிரல் பட்டால் உதிர வேண்டும்.

நேற்றுப் பின்னேரம் இராசகுலம் அண்ணை வந்தார்.
சைக்கிளைச் சாத்திவிட்டு
கேட்காமலே குவியலில் கைவைத்து
ஒரு பிடி பிடித்தார்.
விரித்தார். தொட்டார்.
உதிர்ந்தது.
"கத்தரி எண்ணூறு" என்றார், "மாசிக்கு."
முற்பணம் இந்தமுறை வேண்டாம் என்றேன்.
அவர் கையைக்கூடத் துடைக்கவில்லை.
சேட்டுப் பைக்குள் விட்டு எடுத்த தாளில்
ஐந்து விரலும் கறுப்பாய்ப் பதிந்திருந்தன.

அதை இன்னும் மாற்றவில்லை.