நாலுக்கு மேலே

பங்குனி பிறந்து கடல் தட்டையாகிவிட்டது.
உள்துறைமுக வீதியில் எங்கள் கடைக்குள்
ஈரச் சாரத்தோடு நுழைந்தார் மரியநேசன்.
கையில் கிழித்த பிஸ்கட் மட்டை,
அதில் பேனையால் கணக்கு:
திமிங்கிலம் பார்க்க ஆளுக்கு இவ்வளவு,
புறாத்தீவு போய்வர இவ்வளவு,
கண்ணாடியும் காற்செட்டையும் வாடகைக்கு இவ்வளவு.
"டொலரில போடு, பவுணில போடு, யூரோவிலயும் போடு தங்கச்சி.
உப்புவெளியில எல்லாரும் போட்டிட்டாங்கள்."

டொலர் லேசு.
நாலின் தலையில் குந்தியிருக்கிறது,
ஷிஃப்டை அமத்தினால் இறங்கி வரும்.
மற்றவர்கள் அப்படியில்லை.
ஆல்டை விடாமல் பிடித்துக்கொண்டு
வலப்பக்க இலக்கங்களில்
சைபர், ஒன்று, ஆறு, மூன்று: பவுண்.
கடைசி மூன்று தவறி ஐந்தானால்
லண்டனுக்கு வெளிக்கிட்டவர் டோக்கியோவில் நிற்பார்.
போன வருசம் ஒரு விடுதிக்காரருக்கு அப்படி ஆயிற்று.
ஓர் அறை முப்பது யென்.
இன்னும் என்னைக் கண்டால்
சைக்கிளை மற்றப் பக்கம் திருப்புவார்.

யூரோவுக்குச் சைபர், ஒன்று, இரண்டு, எட்டு.
அந்த எட்டுக்கு உயிரில்லை,
றிஸ்மியாவின் தேத்தண்ணி சரிந்த நாளிலிருந்து.
ஆகவே ஒரு கோப்பு வைத்திருக்கிறேன்,
பெயர் உண்டியல்.
உள்ளே ஒரு யூரோ, ஒரு பவுண், ஒரு யென்,
இந்தியாவின் குறுக்குக்கோடு போட்ட ரூபாய்,
யாருக்காக எடுத்து வைத்தேனோ, ஒரு கொரிய வொன்.
பிரதி எடுக்க எடுக்கக் குறையாத காசு.
வெளிநாட்டுக் காசென்று
என்னிடம் இருப்பது அவ்வளவுதான்.

எங்கட காசுக்கு விசைப்பலகையில் இடமில்லை.
௹ என்று ஒன்று இருக்கிறதாம்.
தேடி எடுத்து ஒட்டினால்
இந்தப் பழைய மெஷினில் வெறும் பெட்டி வரும்.
"பெட்டிக்குள்ள என்ன?" என்றாள் றிஸ்மியா.
"ஒண்டுமில்ல."
அது மண்ணெண்ணெய் வரிசை வருசம்.
காலையில் அடித்த விலையைப்
பின்னேரம் அழித்து அடித்தோம்.
மரியநேசனின் படகு மணலில் கவிழ்ந்து கிடந்தது,
அதன் வயிற்றில் பெடியள் கரியால் விக்கெட் கீறினார்கள்.

இன்றைக்கு விலைப்பட்டியல்.
மேலே இங்கிலீஷ், கீழே தமிழ், நடுவில் விலைகள்.
தமிழை மட்டும் பாமினிக்கு மாற்றுவதாய் நினைத்து
ஒரு வரி கூடத் தெரிவுசெய்துவிட்டேன்.
பாமினியில் நாலின் தலையில் டொலர் இல்லை.
கூ இருக்கிறது.
ரூ இருப்பது ஏழின் தலையில், மூன்று விரல் தள்ளி.
இதெல்லாம் தெரிந்தும்
பிரிண்ட் எடுக்கும்வரை நான் பார்க்கவில்லை.

மரியநேசன் கடதாசியைக் கைநீட்டத் தூரத்தில் பிடித்தார்.
"திமிங்கிலம், கூ நாப்பத்தஞ்சு.
இதென்ன கூ?"
கூலி என்று தொடங்கி
யாரோ பாதியில் எழும்பிப் போனமாதிரி இருந்தது.
நான் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன்.
அவர் சிரிக்கத் தொடங்கியிருந்தார்,
படகில் இஞ்சினுக்கு மேலால் கத்திப் பழகிய சிரிப்பு.
"விடு பிள்ள. கடலுக்குள்ள திமிங்கிலத்தக் கண்டா
நான் அப்பிடித்தான் கூப்பிடுறது."

பிழைத்த தாளை வாசல் பெட்டியில் போட்டேன்.
கோட்டைப் பக்கமிருந்து இறங்கிவந்த புள்ளிமான் ஒன்று
அதைக் கவ்வி இழுத்து
விலைப்பக்கத்திலிருந்து தின்னத் தொடங்கியது.
ஓட்டோக்காரர் ஹோர்ன் அடித்தும் நகரவில்லை.

திரும்ப அடித்தேன். டொலர் டொலராக வந்தது,
யூரோ உண்டியலிலிருந்து வந்தது.
சூட்டோடு பிளாஸ்டிக் உறையில் ஒட்டி,
மூலையில் கயிறுகட்ட ஓட்டையும் போட்டுக் கொடுத்தேன்.

"எவ்வளவு?"
"எண்ணூறு."
மடியை அவிழ்த்தபடி கேட்டார்,
"கூவா, ரூவா?"

ஐந்நூறு தந்தார், உப்புப் பட்டு மெலிந்த தாள்.
மிச்சத்தை
முதல் வெள்ளைக்காரன் ஏறினதும் தாறன் என்றார்.
கொப்பியில் குறித்துக்கொண்டேன்:
மரியநேசன், 300.
முன்னால் ஒரு குறியும் போடவில்லை.